விலை உயர்ந்த பார்சலுக்குக் காப்பீடு: குமரி மாவட்டத்தில் இணையவழி விற்போருக்கும் வாங்குவோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வடசேரியில் செய்த ஒரு கோயில் நகைத் தொகுப்பை, மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்காகப் பெங்களூரில் இருக்கும் ஒரு குடும்பம் இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைசாமான், மாட்டல், ஒட்டியாணம் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய். பணம் யூபிஐயில் வந்துவிட்டது. பெட்டியும் நாகர்கோவிலில் ஒரு கூரியர் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அது வழியில் தொலைந்தால் கூரியர் நிறுவனம் முழு விலையையும் தந்துவிடும் என்றுதான் இரு தரப்பினரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்து, நிறுவனத்தின் பொறுப்பு சில நூறு ரூபாய், மிஞ்சினால் சில ஆயிரம் ரூபாய் என்று சொல்லும். மீதித் தொகையை மீட்பதற்குக் காப்பீடு மட்டுமே வழி. அந்தக் காப்பீடு பணமாகக் கைக்கு வருமா என்பதையும், பார்சல் நம் கையைவிட்டுப் போகும் முன் நாம் செய்து முடித்த வேலைகளே முடிவு செய்கின்றன. அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில் கீழே தருகிறேன்.

முதல் படி: நட்டம் யாருடையது என்பதைப் பேசி முடித்தல்

1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை, பொருளின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருடையதே நட்டமும் (பிரிவு 26). அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, வாங்குபவருக்கு அனுப்புவதற்காகப் பொருளை ஒரு சரக்கு நிறுவனத்திடம் ஒப்படைப்பதே, முதல் நோக்கில், வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கொள்ளப்படும் என்கிறது. எனவே நேரடியாகப் பேசி முடிக்கும் விற்பனையில், கூரியர் ரசீது கிழிக்கப்பட்ட நொடியிலேயே நட்ட அபாயம் பெங்களூர்க் குடும்பத்தின் தலைக்குப் போய்விடக்கூடும். இது பெரும்பாலான வாங்குவோருக்குத் தெரிவதில்லை.

இதை மட்டும் படித்துவிட்டு விற்பவர் நிம்மதியடைய வேண்டாம். பொருளின் தன்மைக்கு ஏற்ற, நியாயமான ஒப்பந்தத்தைச் சரக்கு நிறுவனத்துடன் விற்பவர் செய்திருக்க வேண்டும் என்றும், செய்யத் தவறி வழியில் இழப்பு நேர்ந்தால் வாங்குபவர் அந்த ஒப்படைப்பை ஏற்க மறுக்கலாம் என்றும் அதே பிரிவு தொடர்கிறது. 45,000 ரூபாய் நகையைச் சாதாரண கூரியர் ரசீதில், மதிப்பும் எழுதாமல் அனுப்பியவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

ஆகையால் பணம் கைமாறும் முன்பே வாட்ஸ்அப்பில் மூன்று வரிகள் எழுதி, மறுபக்கத்திலிருந்து சம்மதம் வாங்கிவிட வேண்டும்: பொருள் வாங்குபவர் கையில் சேரும்வரை நட்டம் யாருடையது, எவ்வளவு தொகைக்குக் காப்பீடு, பிரீமியத்தை யார் கட்டுவது. நட்டம் விற்பவருடையது என்று முடிவானால் பாலிசி அவர் பெயரிலும், வாங்குபவருடையது என்றால் அவர் பெயரிலும் அல்லது அவருக்கு மாற்றித் தரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இழப்பு நேர்ந்த நேரத்தில் அந்தப் பொருளில் காப்புறுதி உரிமை உள்ளவர்தான், அதாவது அது தொலைந்தால் பண நட்டம் யாருக்கு வருமோ அவர்தான், இழப்பீடு கேட்க முடியும். யார் பிரீமியம் கட்டினார் என்பது இதில் எடுபடாது.

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்கள் வழியாக நடக்கும் விற்பனையில் வாங்குபவரின் நிலை இதைவிட வலுவானது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவர் தம் இழப்பைக் கேட்பதற்கு அமேசானில் சேஃப்-டி கோரிக்கை என்றும் ஃபிளிப்கார்ட்டில் விற்பனையாளர் பாதுகாப்பு நிதி என்றும் தனி ஏற்பாடுகள் உண்டு. அவை தளம் வகுத்த விதிகளுக்கு உட்பட்டவை, பாலிசி அல்ல.

இரண்டாம் படி: கூரியரின் பொறுப்பையும் காப்பீட்டையும் பிரித்துப் பார்த்தல்

கவுண்டரில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "அண்ணே, இதுக்கு இன்சூரன்ஸ் உண்டா?" "அதெல்லாம் உண்டு, ஒண்ணும் ஆவாது, வச்சிட்டுப் போங்க." இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. ரசீதில் மதிப்பு என்ற கட்டத்தில் 45,000 என்று எழுதுவதும் காப்பீடு ஆகாது. அது பொருளின் விலையைப் பற்றிய அறிவிப்பு மட்டுமே. காப்பீடு இருக்கிறது என்றால் அதற்கெனத் தனியாக ஒரு கட்டணம் ரசீதில் தெரிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரோ சான்றிதழ் எண்ணோ கிடைக்க வேண்டும். "உடைமையாளர் பொறுப்பு" (ஓனர்ஸ் ரிஸ்க்) என்ற கட்டத்தில் டிக் அடித்த ரசீது, நட்டம் உங்களுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததற்குச் சமம். பல நிறுவனங்களில் கூடுதல் கட்டணம் செலுத்தி "நிறுவனப் பொறுப்பு" (கேரியர்ஸ் ரிஸ்க்) என்ற கட்டத்தைத் தெரிவு செய்ய முடியும். அப்போதும் எந்த வகை இழப்புக்கு, எவ்வளவு வரை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

பின்பக்கத்துப் பொடி எழுத்து நீதிமன்றத்தில் நிற்குமா என்ற கேள்விக்கு 1996இலேயே விடை கிடைத்துவிட்டது. பாரதி நிட்டிங் கம்பெனிக்கும் டிஹெச்எல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராததால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாய் இழப்பீடு கோரப்பட்டது. அனுப்பியவர் கையெழுத்திட்ட ரசீதில் பொறுப்பு 100 அமெரிக்க டாலர் என்று வரையறுக்கப்பட்டிருந்ததால் அந்த 100 டாலர் போதும் என்ற முடிவையே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

லாரி சர்வீஸில் அனுப்பினால் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பொருந்தும். கூடுதல் இடர்க் கட்டணத்தை ஏற்று உயர்ந்த மதிப்பை அறிவிக்காவிட்டால், அந்தச் சட்டத்தின் கீழான விதிகளின்படி பொறுப்பு கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். மயிலாடியிலிருந்து ஒரு கற்சிலைக்கு 800 ரூபாய் வாடகை கொடுத்தால் 8,000 ரூபாய். சிலையின் விலை 60,000 ஆனாலும் அவ்வளவுதான். ஸ்பீட் போஸ்டில் காப்பீடு இல்லாமல் அனுப்பிய பொருள் தொலைந்தால், செலுத்திய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். 70 ரூபாய் கட்டியவருக்கு 140 ரூபாய். 2024 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த அஞ்சலகச் சட்டமும், வகுக்கப்பட்ட பொறுப்புக்கு மேல் அஞ்சல் துறைக்குப் பொறுப்பு கிடையாது என்ற பழைய நிலையையே தொடர்கிறது.

மூன்றாம் படி: பொருளுக்கு ஏற்ற வழியைத் தெரிவு செய்தல்

எப்போதாவது ஒரு பார்சல் அனுப்புபவருக்கும், மதிப்பு ஒரு லட்சம் ரூபாய்க்குள் அடங்கும் பொருளுக்கும், அஞ்சல் துறையின் காப்பீடே நல்ல வழி என்பது என் கருத்து. காரணம் எளிது. வழக்கமான கூரியர் நிறுவனங்களில் பெரும்பாலானவை நகை, பணம், விலைமதிப்புள்ள கற்கள் ஆகியவற்றைத் தங்கள் விலக்குப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அஞ்சலகமோ நகையைக் காப்பீட்டுடன்தான் அனுப்ப வேண்டும் என்று விதித்து, அதை ஏற்றுக்கொள்கிறது. கிராமத்துக் கிளை அஞ்சலகங்களில் காப்பீட்டு வரம்பு மிகக் குறைவு என்பதால், நாகர்கோவில் அல்லது தக்கலை தலைமை அஞ்சலகத்துக்கோ ஒரு துணை அஞ்சலகத்துக்கோ போவது நல்லது. பெறுபவரின் முகவரி எந்த அஞ்சலகத்தின் கீழ் வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அது கிளை அஞ்சலகம் என்றால் அதற்கும் அதே வரம்பு உண்டு.

காப்பீட்டு அஞ்சலுக்கு முத்திரையிடும் முறை பழமையானது, ஆனால் பொருளுள்ளது. பெட்டியைத் துணியால் சுற்றித் தைத்து, தையலின் மீதும் மடிப்புகள் சேரும் இடங்களிலும் அரக்கு முத்திரை வைப்பார்கள். எல்லா முத்திரைகளும் ஒரே அச்சால் வைக்கப்பட்டு, அனுப்புபவருக்கே உரிய அடையாளத்தைத் தாங்கியிருக்க வேண்டும். நாணயத்தை அழுத்தி வைத்த முத்திரையையும், யாரும் எளிதில் போட்டுவிடக்கூடிய வெறும் கோடுகளையும் ஏற்கமாட்டார்கள். ஒருவர் தையலைப் பிரித்துவிட்டு மீண்டும் அரக்கு ஊற்றினாலும் அச்சு மாறிவிடும் என்பதே இதன் சூட்சுமம். பட்டறையில் பெயர் அச்சு வைத்திருக்கும் ஆசாரிகளுக்கு இது சிரமமே இல்லை. காப்பீட்டுத் தொகையை உறையின் மேல் எண்ணாலும் எழுத்தாலும் அடித்தல் திருத்தல் இன்றி எழுத வேண்டும். எடை கிராம் கணக்கில் பதிவாகிறதா என்று ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உள்ளே இருந்த பொருள் குறைந்தது என்று நிரூபிக்க அந்த எண்ணைவிட நல்ல சாட்சி இல்லை. உண்மை விலையைவிடக் கூட்டி எழுதுவதால் ஒரு காசும் அதிகம் கிடைக்காது, உண்மை விலை வரையில்தான் இழப்பீடு.

மாதந்தோறும் பல பார்சல்கள் அனுப்புபவர் பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்துப் பாலிசி எடுக்கலாம். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் இதைத் தருகின்றன. ஒரே பயணத்துக்கான பாலிசி உண்டு. ஓராண்டுக்கு எடுத்து ஒவ்வொரு பார்சலையும் அறிவித்துக்கொண்டே போகும் ஓப்பன் பாலிசியும் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது எழுத்துதான். உள்நாட்டுப் போக்குவரத்து விதித்தொகுப்பில் ஏ என்பது விலக்குகள் நீங்கலாக எல்லா இடர்களையும் தாங்கும். பி என்பது தீ, மின்னல், பாலம் இடிதல், வாகனம் மோதல், கவிழ்தல் போன்றவற்றை மட்டும். சி என்பது தீ, மின்னல் அளவோடு சரி. பார்சலுக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் திருட்டும் தொலைதலும்தான் என்பதால், ஏ இல்லாத பாலிசி மலிவாகக் கிடைத்தாலும் அதில் பணம் போடுவது வீண். பயன்படுத்திய கைப்பேசி, பழைய கேமரா போன்றவற்றுக்கு ஏ வகையைப் பெரும்பாலும் தரமாட்டார்கள்; தந்தாலும் அன்றைய சந்தை விலைதான் கணக்கு.

நகைத் தொழிலில் நிரந்தரமாக இருப்பவருக்கு ஜூவல்லர்ஸ் பிளாக் பாலிசி பொருத்தமானது. கடையில் இருக்கும் சரக்கு, ஊழியர் கையில் இருக்கும் சரக்கு, காப்பீட்டு அஞ்சலிலும் விமானத்திலும் போகும் சரக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் அதில் உள்ளன. தங்கத்துக்கும் வைரத்துக்குமென்றே இயங்கும் சீக்வெல், பிவிசி போன்ற நிறுவனங்கள் பெரிய மதிப்புள்ள சரக்கைக் காப்பீட்டோடு எடுத்துச் செல்கின்றன. ஷிப்ராக்கெட் போன்ற இடைத்தளங்களில் பார்சலுக்குப் பார்சல் காப்பீடு சேர்க்கும் வசதி உண்டு. அதை நம்பும் முன் நகை, கண்ணாடி, பழைய பொருள் ஆகியவை விலக்கப்பட்டுள்ளனவா என்று படித்துவிடுங்கள். வளைகுடாவுக்கு அனுப்புவதானால் உள்நாட்டுப் பாலிசி உதவாது. வெளிநாட்டுப் பயணம் பாலிசியில் பெயரிடப்பட்டிருக்க வேண்டும்.

நான்காம் படி: தொகையையும் விவரத்தையும் சரியாக எழுதுதல்

பிரீமியத்தை மிச்சப்படுத்த 45,000 ரூபாய் நகையை 15,000 என்று காட்டினால், மூன்றில் இரண்டு பங்குக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று சட்டம் கருதும். 9,000 ரூபாய் சேதம் என்றால் கிடைப்பது 3,000.

நகையைக் "கவரிங்" என்றோ "துணி" என்றோ எழுதினால் கவுண்டரில் கேள்வி வராது என்பது உண்மைதான். கோரிக்கை வரும்போது அந்த ஒரு சொல்லே மறுப்புக்குப் போதும். காப்பீடு என்பது இரு தரப்பும் உள்ளதை உள்ளபடி சொல்வதன் மேல் நிற்கும் ஒப்பந்தம். "வெள்ளியில் செய்து தங்க ரேக்கு ஒட்டிய, சிவப்புக் கெம்புக் கல் பதித்த நாட்டிய நகை, 9 உருப்படிகள்" என்று எழுதி, உருப்படிவாரியாக விலை பிரித்த பில்லை இணைக்க வேண்டும். உருப்படிவாரி விலை ஏன் என்றால், ஜோடியாக உள்ள பொருளில் ஒன்று மட்டும் தொலைந்தால் அந்த ஒன்றின் விகிதப் பங்கை மட்டுமே தருவோம் என்ற விதி பல பாலிசிகளில் உண்டு. ஒற்றை மாட்டலால் யாருக்கு என்ன பயன் என்று சர்வேயரிடம் (இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்புபவர்) வாதாடுவதைவிட, ஜோடியும் தொகுப்பும் எப்படிக் கணக்கிடப்படும் என்பதைப் பாலிசி எடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்குவது மேல்.

ஐந்தாம் படி: பொதிதல்

"பொதிதல் போதாது" என்பது காப்பீட்டு நிறுவனங்கள் அடிக்கடி காட்டும் மறுப்புக் காரணங்களில் ஒன்று. ஏ வகைப் பாலிசியிலும் அது விலக்குதான். பொருளின் இயல்பான குறையால் வரும் சேதமும் விலக்கு. கோயில் நகையில் கல்லுக்கு அடியில் அரக்கு வைத்துப் பதிக்கும் வழக்கம் உண்டு. அது வெயிலில் நின்ற வண்டிக்குள் இளகிக் கல் பெயர்ந்தால், நகையின் இயல்பே காரணம் என்று கைவிரிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு உருப்படியையும் மெல்லிய துணியில் தனியாகச் சுற்றி, கல் பதித்த முகம் எதன் மீதும் அழுந்தாமல், உறுதியான உள்பெட்டியில் வைத்து, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மெத்தை கொடுத்து வெளிப்பெட்டியில் அடைக்க வேண்டும். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. வெளிப்பெட்டியில் கடையின் பெயரையோ "நகை" என்ற சொல்லையோ எழுத வேண்டாம். திருடனுக்கு நாமே முகவரி சொன்னதாகிவிடும்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆக இரண்டையும் பெறும் மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை அனுப்பும் பெட்டிக்குள் நீர் புகாத ஒரு பை கட்டாயம் இருக்கட்டும். மழை இன்னொரு வகையிலும் காப்பீட்டைத் தொடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் ரயிலும் சாலையும் துண்டிக்கப்பட்டபோது சரக்குகள் ஆங்காங்கே தேங்கின. பெட்டிக்குள் வெள்ளம் புகுந்த சேதம் ஏ வகையில் வரும். தாமதத்தால் வரும் இழப்பு எந்த வகையிலும் வராது. வெள்ளத்தால்தான் தாமதம் என்றாலும் வராது. அரங்கேற்றம் முடிந்த பிறகு நகை வந்து சேர்ந்ததற்கு இழப்பீடு இல்லை; தோவாளைப் பூவும் மட்டி வாழைப்பழமும் வழியில் அழுகியதற்கும் இல்லை. நாள் குறித்த பொருள் என்றால் முன்கூட்டி அனுப்புவதுதான் ஒரே பாதுகாப்பு.

ஆறாம் படி: சான்று சேர்த்தல்

உருப்படிகளைப் பில்லோடு சேர்த்து ஒரு படம், பெட்டிக்குள் அடுக்கிய நிலையில் ஒரு படம், முத்திரையிட்ட பெட்டியைத் தராசில் வைத்து எடை தெரிய ஒரு படம், முகவரிச் சீட்டு தெரிய ஒரு படம். பொருளை வைப்பது முதல் ஒட்டுவது வரை வெட்டு இல்லாத ஒரே காணொளியாக எடுத்தால் இன்னும் நல்லது. பில், பணம் வந்த விவரம், ரசீதின் இரு பக்கங்களும், பாலிசி அல்லது சான்றிதழ், வாட்ஸ்அப் உடன்பாடு ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, வாங்குபவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட வேண்டும். வெயிலில் மங்கிப்போகும் வெப்பத்தாள் ரசீதை அன்றே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வாங்குபவர் கையெழுத்திடும் முன்

கையெழுத்து அல்லது ஓடிபி கொடுத்த பிறகு, பொருள் நல்ல நிலையில் சேர்ந்தது என்பதே பதிவு. ஆகவே அதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கங்களையும் பாருங்கள். முத்திரை, ஒட்டுத்தாள், நசுங்கல், ஈரம், முடிந்தால் எடை. ஐயம் இருந்தால் ஓப்பன் டெலிவரி, அதாவது கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குவதை, கேளுங்கள். கொண்டுவந்தவர் அவசரப்படுத்தினால், பெறுதல் சீட்டில் "வெளிப்பெட்டி சேதம், எடை குறைவு, பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதி அதன் பின் கையெழுத்திடுங்கள், அல்லது வாங்க மறுத்துவிடுங்கள். காப்பீட்டு அஞ்சலில் முத்திரை கலைந்திருந்தால் வீட்டில் வாங்காமல் அஞ்சலகத்துக்கே போய், அஞ்சல் அதிகாரியின் முன் பிரிப்பதே முறை. பெட்டியைப் பிரிப்பதை முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி ஒரே காணொளியாக எடுங்கள். சேதம் இருந்தால் பொதிந்த அட்டையையும் மெத்தையையும் குப்பையில் போடாதீர்கள். சர்வேயர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

எட்டாம் படி: இழப்பு நேர்ந்தால்

அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் கூரியருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கூரியரிடம் இழப்பு அல்லது சேதச் சான்றிதழ் கேளுங்கள். பணக் கோரிக்கையையும் எழுத்தில் வையுங்கள். சாலைவழிச் சரக்கு என்றால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் இந்த அறிவிப்பு போகாவிட்டால் வழக்குத் தொடுக்கும் உரிமையே போய்விடும். திருட்டு என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் குறைந்தது சிஎஸ்ஆர் ரசீதாவது (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) வாங்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. கூரியர் நிறுவனம் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, "முழு இறுதித் தீர்வு" என்ற தாளில் கையெழுத்துக் கேட்கும். கிடைத்தவரை லாபம் என்று கையெழுத்திட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் கதவும் மூடிக்கொள்ளும். உங்களுக்கு இழப்பீடு தந்த பிறகு உங்கள் இடத்தில் நின்று கூரியரிடம் அந்தப் பணத்தை மீட்பது காப்பீட்டு நிறுவனத்தின் உரிமை. அந்த உரிமையை நீங்கள் ஆயிரம் ரூபாய்க்கு விட்டுக்கொடுத்துவிட்டால் அது உங்கள் கோரிக்கையை மறுக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கூரியரோடு எந்தத் தீர்வும் வேண்டாம்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றி முறையிடலாம். தனிநபர்களோடு தனியுரிமைக் கடைக்காரர்களுக்கும் குறுந்தொழில்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. கூரியர் மீதோ தளத்தின் மீதோ விற்பவர் மீதோ புகார் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போகலாம். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட முடியும் என்பதால், டெல்லியில் உள்ள கடைக்காரருக்கு எதிராகவும் நாகர்கோவிலிலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். விற்பவர் மனு கொடுக்கும்போது, வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்ற தடையை எதிர்த்தரப்பு எழுப்பும். சுயதொழிலில் பிழைப்பவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. காப்பீடு லாபத்துக்காக எடுக்கப்படுவதில்லை, இழப்பை ஈடுகட்டவே எடுக்கப்படுகிறது என்று 2023இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் காட்டலாம்.